காய் நகருமுன் கருத்து நகரட்டும்



ஆவடியிலிருந்து ஒரு தாய் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருந்தார். அவருடைய கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். ஒரே மகன், வயது பதினொன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாடிப் பகுதியில் வளர்ந்த பிரக்ஞானந்தா பாகு நகரில் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று மாக்னஸ் கார்ல்சனோடு மோதினார் அல்லவா? அதைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுவன், தனக்கும் சதுரங்கம் கற்றுத் தரவேண்டும் என்று அடம்பிடித்தான். பெற்றோரும் வீட்டுச் செலவைச் சுருக்கி வகுப்பில் சேர்த்தனர். கடிகாரமும் பலகையும் வாங்கித் தந்தனர். சனி, ஞாயிறுகளில் பூவிருந்தவல்லி, திருவள்ளூர் என்று போட்டி நடக்குமிடமெல்லாம் அழைத்துச் சென்றனர்.

"இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கைப்பேசியில் ஆயிரம் ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடியிருப்பான். ஆயினும் போட்டிக்குப் போனால் தோல்விதான். சென்ற வாரம் வீடு திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'அம்மா, எனக்கு மூளையே இல்லை' என்றான். அவன் அப்பாவோ, கடிகாரத்தை விற்றுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடு என்கிறார். நாங்கள் என்ன செய்வது?" என்று அத்தாய் கேட்டிருந்தார்.

நாம் சதுரங்க விற்பன்னர் அல்லோம். இளமையில் கல்லூரிக் குழுவுக்காக ஆடிய பழக்கமும், விடுமுறை நாட்களில் பங்கின் சிறுவர்களுக்குப் பலகை விரித்துக் கொடுத்த அனுபவமுமே நம் முதலீடு. ஆயினும் "எனக்கு மூளையே இல்லை" என்ற அந்தச் சொல் நம் நெஞ்சைத் தைத்தது. ஆட்டத்தில் தோற்பது சிறிய காரியம். ஆட்டத்தின் பெயரால் ஒரு பிள்ளை தன்னைப் பற்றியே தவறான தீர்ப்பு எழுதிக்கொள்வது சிறிய காரியமன்று. ஆகவே ஒரு ஞாயிறு மாலை மகனோடு வரும்படியும், போட்டிகளில் அவன் கைப்பட எழுதிய நகர்த்தல் தாள்களைத் தவறாமல் கொண்டுவரும்படியும் சொல்லி அனுப்பினோம்.

பன்னிரண்டு தாள்கள் சொன்ன செய்தி

நீண்ட நேர ஆட்டங்களில் ஆடுகிறவர் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறித்து வரவேண்டும் என்பது விதி. பையன் பன்னிரண்டு தாள்களைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாகப் பலகையில் ஆடிப் பார்த்தோம். வியப்பான ஓர் உண்மை தெரிந்தது. முதல் எட்டு, பத்து நகர்த்தல்கள் அப்பழுக்கின்றி இருந்தன. பிறகு பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஆட்டம் சரிந்தது. பன்னிரண்டில் பத்து ஆட்டங்கள் இவ்வாறே முடிந்திருந்தன. அது மட்டுமன்று, பெரும்பாலான ஆட்டங்களில் அவனுடைய கடிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் செலவாகாமலே மீந்திருந்தது.

ஓர் ஆட்டத்தைப் பன்னிரண்டாவது நகர்த்தலில் நிறுத்தி, "தம்பி, இங்கே எதற்காக ராணியை வெளியே கொண்டுவந்தாய்?" என்று கேட்டோம். சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "ஏதாவது ஒன்றை நகர்த்த வேண்டுமே சார், அதனால் நகர்த்தினேன்" என்றான்.

வாசகர்களே, நோயின் பெயர் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மூளைக் குறைவில்லை, திட்டமே இல்லை. மனப்பாடம் செய்த நகர்த்தல்கள் தீர்ந்தவுடன், கைப்பிடித்து அழைத்து வந்தவர் சந்தைக்கூட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தையைப்போல் அவன் நின்றுவிடுகிறான்.

அவன் விரும்பி ஆடிய தொடக்கத்தின் பெயர் 'ரூய் லோபஸ்'. அப்பெயருக்கு உரியவர் ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ஒருவர் என்று நாம் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன. 1561-ஆம் ஆண்டில் சதுரங்கத்தைப் பற்றி நூல் எழுதியவர் அவர். நம் ஊரில் மந்திரி என்று அழைக்கப்படும் காய்க்கு ஆங்கிலத்தில் ஆயரின் பெயர் என்பதும் நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொடக்கத்தில் வெள்ளை மந்திரி மூன்றாவது நகர்த்தலிலேயே பாய்ந்து சென்று கறுப்புக் குதிரையை மிரட்டுகிறது. ஏன்? பலகையின் நடுவே நிற்கும் கறுப்புச் சிப்பாய்க்கு அந்தக் குதிரையே காவல். காவலனை நெருக்கினால், காக்கப்படுவது ஆட்டம் காணும். இதுவே அதன் கருத்து. பையனுக்கு அந்த நகர்த்தல் தெரிந்திருந்தது, கருத்து தெரிந்திருக்கவில்லை. பொருள் தெரியாமல் ஒப்பிக்கும் செய்யுளால் என்ன பயன்?

மூன்று கேள்விகள்

அன்று மாலை அவனுக்கு நாம் புதிய நகர்த்தல் எதையும் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காயைத் தொடுமுன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளை மட்டும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தோம்.

முதற் கேள்வி: எதிராளி இப்போது ஏன் இப்படி நகர்த்தினார்? நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தம் காய்களோடு மட்டுமே ஆடுகிறார்கள். எதிரே இருப்பவருக்கும் ஓர் எண்ணம் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். அவனுடைய பத்துத் தோல்விகளில் ஆறு, எதிராளியின் மிரட்டலைக் கவனியாததால் நேர்ந்தவை. இந்த ஒரு கேள்வியைச் சிரத்தையோடு கேட்டிருந்தால் பாதித் தோல்விகளைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாம் கேள்வி: என் காய்களுள் வேலையில்லாமல் இருப்பது எது? என்ன செய்வதென்று தெரியாத நிலைகளில் இக்கேள்வி பெருந்துணை புரியும். மூலையில் முடங்கிய குதிரை ஒன்றிருக்கும். சொந்தச் சிப்பாய்களாலேயே அடைபட்ட மந்திரி ஒன்றிருக்கும். முதல் வரிசையைவிட்டு அசையாத யானை ஒன்றிருக்கும். ராணியைக் கொண்டு பயனற்ற 'செக்' சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அந்தச் சோம்பேறிக் காயை நல்லதோர் இடத்தில் சேர்ப்பது மேலானது. குடும்பத்தில் எல்லாரும் உழைத்தால் பாரம் குறைவதுபோல, பலகையிலும் எல்லாக் காய்களும் உழைக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: சிப்பாய்களின் அமைப்பு எனக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது? மற்றக் காய்கள் முன்னும் பின்னும் போகும். சிப்பாய் ஒருபோதும் பின்வாங்காது. அது விட்ட இடம் விட்டதே. ஆகையால் ஆட்டத்தின் நிலையான தன்மையைச் சிப்பாய்களே தீர்மானிக்கின்றன. பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரும் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருமான பிலிடோர், 1749-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் சிப்பாய்களையே சதுரங்கத்தின் உயிராகக் கண்டார். நாமெல்லாம் அலட்சியமாகத் தள்ளிவிடும் அந்தச் சிறிய காய்களைத்தான்!

சான்றாக, பையனின் ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எதிராளிக்குப் பலகையின் நடுவில் ஒரு சிப்பாய் தனித்து நின்றது. அதற்கு இருமருங்கிலும் உள்ள நெடுவரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லை. அப்படிப்பட்ட சிப்பாயைக் காக்கப் பெரிய காய்கள்தாம் காவல் நிற்க வேண்டும். அதற்கு நேர் முன்னால் உள்ள கட்டம் நம் குதிரைக்கு அரியாசனம் போன்றது. எதிராளியின் சிப்பாய் எதுவும் அங்கிருந்து அதை விரட்ட முடியாது. முதலில் குதிரையை அங்கே அமர்த்தி, அந்தச் சிப்பாயின் நடையைத் தடுக்க வேண்டும். பிறகு சிறு காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு, யானைகளை அந்த நெடுவரிசைக்குக் கொண்டுவந்து, தக்க சமயத்தில் குதிரையை விலக்கிச் சிப்பாயைத் தாக்கலாம். இதுதான் திட்டம் என்பது. இருபது நகர்த்தல்களை முன்கூட்டியே காணும் அற்புத சக்தியன்று. எங்கே போகவேண்டும் என்பதை அறிந்து, அதற்கான வழியை இரண்டு மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்வது. பையனோ அந்த ஆட்டத்தில் ராணியை வெளியே அனுப்பினான். எதிராளி மூன்று முறை அதை விரட்டி, அந்த மூன்று நகர்த்தல்களிலும் தம் காய்களை இலவசமாக நல்ல இடங்களில் சேர்த்துக்கொண்டார்.

திட்டம் தீட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது. எதிராளி ஒன்றைச் செய்தவுடன் நம் திட்டம் பழையதாகிவிடக் கூடும். அதனால்தான் முதற் கேள்வியை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் புதிதாகக் கேட்க வேண்டும். பிடிவாதம் வேறு, திட்டம் வேறு.

எளிய பாடத்தின் பெருமை

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் கேட்டோம். "ராஜாவும் ஒரு சிப்பாயும் ஒரு பக்கம், ராஜா மட்டும் மறுபக்கம். யாருக்கு வெற்றி?" அவனுக்கு விடை தெரியவில்லை. தொடக்க ஆட்டங்கள் ஐந்தாறு மனப்பாடம். இறுதி ஆட்டத்தின் அரிச்சுவடியோ தெரியாது. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக விளங்கிய கியூபா நாட்டுக் காபாபிளாங்கா, இறுதி ஆட்டத்தை முதலில் படியுங்கள் என்றே மாணாக்கருக்கு அறிவுறுத்தினார்.

அதற்குக் காரணம் உண்டு. இரு ராஜாக்களும் நடுவே ஒரே கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், எவருடைய முறையோ அவர் வழிவிட்டாக வேண்டும். இந்த ஒரு சிறு நுட்பத்தை அறிந்தவர், கைநழுவும் ஆட்டத்தைச் சமநிலையில் நிறுத்திவிடுவார்; அறியாதவர், கையிலிருக்கும் வெற்றியை நழுவவிடுவார். முடிவில் எந்த நிலை வெற்றி, எந்த நிலை சமநிலை என்று தெரிந்தால்தானே நடுவில் எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றக் கூடாது என்று திட்டமிட முடியும்?

இதற்கு நம் காலத்திலேயே கிடைத்த பெருஞ்சான்று சிங்கப்பூரில் நிகழ்ந்தது. நம் பகுதியைச் சேர்ந்த மேல் அயனம்பாக்கத்திலுள்ள வேலம்மாள் வித்யாலயாவில் பயின்ற குகேஷும், சீனத்து டிங் லிரனும் 2024-ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக மோதினர். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 6½ புள்ளிகளோடு சமமாக நின்றனர். டிசம்பர் 12 அன்று பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். சமநிலையில் முடியும் என்றே பார்த்தவர்கள் பலரும் எண்ணினர். குகேஷோ அந்தச் சிறிய மேன்மையைக் கைவிடாமல், அவசரப்படாமல், எதிராளிக்கு ஓய்வு தராமல் ஆடிக்கொண்டேயிருந்தார். 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுண்டன, மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்கும் தப்ப வழியில்லை, அதுவும் மாற்றப்பட்டது. எஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களுமே! 58-ஆம் நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியனானார்.

உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது, எளிய புத்தகங்களின் முதற் பக்கங்களில் உள்ள பாடம். அந்நிலை வந்தால் வெற்றி உறுதி என்பது இருவருக்கும் தெரியும். அந்த நிலையை நோக்கிப் பல மணி நேரம் பொறுமையோடு நடந்தவருக்கே வாய்ப்பு வந்தபோது அதைப் பற்றிக்கொள்ள முடிந்தது.

தோல்வியைத் திறந்து பார்த்தல்

அதே குகேஷ் தோற்றதும் உண்டு. 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடை நம் வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். அப்போது 16 வயதான அவர் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று உலகை வியக்க வைத்தார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி வாய்ப்புள்ள நிலையில் இருந்தவர், தவறிழைத்துத் தோற்றார். அவருடைய அணி வெண்கலத்தோடு திரும்பியது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. ஈராண்டுக்குப் பின் புடாபெஸ்டில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் தங்கம் வென்றபோது, முதற் பலகையில் அவரே சிறந்து விளங்கினார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளின் உழைப்பை யார் அளக்க முடியும்?

தோற்ற ஆட்டத்தை மறக்க எண்ணுவது மனித சுபாவம். ஆனால் கற்கவேண்டியது முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வாரம் ஒரு தோல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அன்று தான் எண்ணியதைப் பென்சிலால் எழுதட்டும். "எண்ணவில்லை" என்றாலும் அதையே எழுதட்டும். எந்த இடத்தில் திட்டம் இல்லாமல் போயிற்று என்று தானே கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகே கணிப்பொறியைக் கேட்கலாம்.

இந்த வரிசை முக்கியமானது. இன்று கைப்பேசியிலேயே உலகச் சாம்பியனை வெல்லக்கூடிய நிரல் இருக்கிறது. விடையை அது நொடியில் சொல்லிவிடும், காரணத்தைச் சொல்லாது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தம் மாணவர் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை எட்டும் காலம் வரை கணிப்பொறியின் துணையின்றியே சிந்திக்கப் பழக்கினார் என்பதைப் பெற்றோர் நெஞ்சில் இருத்த வேண்டும். ஊன்றுகோலோடு ஓடப் பழகியவன் கோலின்றி நிற்க மாட்டான். கைப்பேசியின் மூன்று நிமிட ஆட்டங்களையும் நாம் முற்றாக வெறுக்கவில்லை, விளையாட்டாக ஆடலாம். ஆனால் ஆயிரம் அவசர ஆட்டங்கள் அவசரத்தை மட்டுமே கற்பிக்கும். நிதானமாக ஆடிய பத்து ஆட்டங்களும், அவற்றைத் திருப்பிப் பார்த்த பத்து மணி நேரமும் அதைவிடப் பயனுள்ளவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போட்டி நடக்கும் பள்ளிகளின் வாயிலில் நாம் நின்று பார்த்திருக்கிறோம். பிள்ளை வெளியே வந்தவுடன் கேட்கப்படும் முதற் கேள்வி, "ஜெயித்தாயா?" என்பதே. இல்லையென்று தலையசைத்தால் தந்தையின் முகம் இறுகுகிறது. தாய் டிபன் பெட்டியை மௌனமாக நீட்டுகிறார். அந்த மௌனத்தைப் பிள்ளை எப்படி மொழிபெயர்த்துக்கொள்கிறது என்பதை ஆவடித் தாயின் கடிதத்தில் கண்டோம்.

சாம்பியன்களின் வீட்டுக் கதைகளைக் கேட்டு நாம் மயங்கிவிடுகிறோம். குகேஷின் தந்தை, அறுவை மருத்துவர், மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலையே நிறுத்தி வைத்தார். எல்லாராலும் அது இயலாது; எல்லாரும் அவ்வாறு செய்யவேண்டியதும் இல்லை. பிரக்ஞானந்தாவின் தமக்கை வைஷாலியைப் பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தது, அவர் எந்நேரமும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்ததை மாற்றவே. பட்டங்களைக் கணக்கிட்டு அல்ல. பின்னர் அந்த அக்காளும் தம்பியும் உலகிலேயே முதன்முதலாக இருவரும் கிராண்ட் மாஸ்டரான சகோதரி-சகோதரர் இணையாயினர். அது வந்த பலன். தொடங்கியபோது வைத்த நிபந்தனையன்று.

ஆகையால், "ஜெயித்தாயா?" என்பதற்குப் பதிலாக, "இன்று என்ன திட்டம் போட்டாய்? அது எங்கே மாறிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். சதுரங்கம் தெரியாத பெற்றோரும் இக்கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை விளக்கத் தொடங்கும். விளக்கும்போதே தன் தவறைத் தானே காணும். விஸ்வநாதன் ஆனந்துக்கு முதற்பாடம் சொன்னவர் அவருடைய அன்னை சுசீலா என்பதை நினைவிற் கொள்வோம். எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும் இலயோலா கல்லூரியிலும் பயின்ற அப்பிள்ளை, 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் கிராண்ட் மாஸ்டரானார். பின்னாளில் உலகச் சாம்பியனுமானார். வீட்டுப் பலகையில் தொடங்கியதுதான் அத்தனையும்.

நம் ஆவடிக் குடும்பத்தின் செய்தியைச் சொல்லி முடிப்போம். கடிகாரம் விற்கப்படவில்லை. கைப்பேசி ஆட்டம் ஞாயிறு மாலை அரை மணியாகக் குறைந்தது. மூன்று கேள்விகள் எழுதிய அட்டை மேசைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, தந்தையும் மகனும் நம்மைத் தேடி வந்தனர். முந்தின நாள் போட்டியில் ஐந்து ஆட்டங்கள். இரண்டு வெற்றி, ஒன்று சமநிலை, இரண்டு தோல்வி. பரிசு ஒன்றும் இல்லை. பையன் தோற்ற ஆட்டத்தின் தாளைத்தான் முதலில் நம் கையில் கொடுத்தான். அறுபத்தோராவது நகர்த்தல் வரை தாள் நிரம்பியிருந்தது.

"சார், இந்த முறை எனக்குத் திட்டம் இருந்தது. ஆனால் அது தப்பான திட்டம். எந்த இடத்தில் தப்பு என்றும் தெரிந்துவிட்டது. காட்டட்டுமா?" என்றான்.

நாம் பலகையை எடுத்து விரித்தோம். தந்தையும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.